தாழக் கட்டிய கம்பி

"துணி காயப்போடவாப்பா இதைக் கட்டற?"

டெஸ்ஸா கேட்டது காதில் விழாதது போல, ஹார்லன் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே தலையுயரத்தில், தூரத்தில் இருப்பவர்களோடு பேசும் ரேடியோவுக்கான கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கூடாரம். அடுப்பில் பீன்ஸ் கொதித்தது. சுற்றிலும் மோன்டானா மலைகள்.

"உன்கிட்டதான் பேசறேன். அந்த நெட்டைக் கம்பம் வண்டியில சும்மாதானே கிடக்கு? அதை நிறுத்தினா அலாஸ்கா வரைக்கும் எட்டும். இது பக்கத்துப் பள்ளத்தாக்கு நாலைத் தாண்டாது."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கட்டறியா?"

"ஆமா. அந்த முனையைப் பிடி."

அவள் பிடிக்கவில்லை.

அண்ணன் ட்ராவிஸுக்கு அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் வேலை. அம்மாவைப் புதைத்த மறுநாள்தான் அவனால் வந்து சேர முடிந்தது. "இனி என் வாசலை மிதிக்காதே" என்றார் அப்பா. மூன்று வருஷமாக அவனும் மிதிக்கவில்லை. போனில் அவன் குரல் கேட்டாலே வைத்துவிடுவார்.

போன வாரம் டெஸ்ஸாவுக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. 'ஞாயிறு மதியம் ரேடியோவில், நம் பழைய அலைவரிசையில் காத்திருப்பேன். அப்பா ஒரு தடவை கூப்பிட்டால் போதும். கூப்பிடாவிட்டால் இனி தொல்லை தரமாட்டேன்.'

அதை அப்பாவிடம் காட்டினாள். உயரமான இடமாகத் தேடிப் பிடித்தாள். தெரிந்தவர்களிடம் கெஞ்சி அந்தக் கம்பத்தை இரவல் வாங்கினாள். மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்த மனிதர், இங்கே வந்து இந்த வேலை பார்க்கிறார்.

"வரமாட்டேன்னு வீட்டிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அவனுக்கு எட்டாத கம்பியில கூப்பிட்டுட்டு, 'நான் கூப்பிட்டேன், அவன்தான் பதில் சொல்லலை'ன்னு ஊர் பூரா சொல்லப் போற. அதானே?"

"பீன்ஸ் அடிபிடிக்குது பாரு."

"பிடிக்கட்டும்! நடுக்கடல்ல இருந்தவன் எப்படிப்பா வருவான், நீந்தியா? அவன் அன்னிக்கு வாசல்ல நின்னு அழுதது உனக்குத் தெரியாது. நீதான் கதவைச் சாத்திட்டியே. அம்மா இருந்திருந்தா இந்தக் கம்பியிலேயே உன்னைக் கட்டிவெச்சிருப்பா."

ஹார்லன் கடைசி முடிச்சை இறுக்கினார்.

"கட்டியிருப்பா" என்றார் மெதுவாக. "முடிச்சும் நல்லாப் போடுவா."

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவை முடுக்கினார். மைக்கைக் கையில் எடுத்தார். டெஸ்ஸாவுக்குக் கோபம் இறங்கவில்லை. அவர், ரேடியோவில் பெயருக்குப் பதிலாகத் தனக்குள்ள அழைப்புக் குறியைச் சொன்னார். பிறகு, மூன்று வருஷமாக அவர் வாயில் வராத மகனின் குறியைச் சொன்னார்.

வெறும் இரைச்சல்தான் வந்தது.

"எந்திரிப்பா. நான் கம்பத்தை நிறுத்தறேன். இன்னும் நேரமிருக்கு." அவள் வண்டியை நோக்கி ஓடினாள். கம்பத்தை இழுத்து இறக்கத் தொடங்கினாள்.

"இருடி" என்றவர், மறுபடியும் மகனின் குறியைச் சொன்னார்.

"அப்பா?"

பக்கத்துக் கூடாரத்திலிருந்து கூப்பிடுவதுபோல அத்தனை துல்லியமாக இருந்தது ட்ராவிஸின் குரல். டெஸ்ஸா பாதி இறக்கிய கம்பத்தைக் கீழே போட்டாள்.

"அப்பா... நீங்க கூப்பிடுவீங்கன்னு நினைக்கவே இல்லை. இங்க அலாஸ்காவுல குளிர்..."

"புளுகாதடா" என்றார் ஹார்லன். குரல் உடைந்திருந்தது. "வியாழக்கிழமை நீ யார்கூடவோ ரேடியோவுல பேசிட்டிருந்ததைக் கேட்டேன். நம்ம வீட்டுக் கம்பியும் தாழக் கட்டினதுதான், அலாஸ்கா அதுல கேட்காது. நெட்டைக் கம்பம் நிறுத்தினா பக்கத்துல இருக்கற உன் தலைக்கு மேல தாண்டிப் போயிடும்னுதான் இங்கேயும் தாழக் கட்டினேன். எந்த மலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்கேன்னு சொல்லு, வண்டியை எடுத்துட்டு நானே வர்றேன்."