முன்பக்கத்துக்கு மட்டும்

"அந்த ஓட்டையை அடைச்சிடுங்க மாமா. பின்னாடிக்குச் சூடு வேணாம்."

மிரோன் டிரில்லை நிறுத்தினார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"போட்டு முடிச்சப்புறம் சொல்றியேம்மா. அடிபட்டுக் கிடக்கிறவன் குளிர்லயே சாகணுமா?"

இந்தக் குளிர்காலத்தில் அவருடைய பட்டறைக்கு வந்த பழைய ராணுவ வண்டிகள் எல்லாமே காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போர்முனைக்குப் போகிறவை. பின்பக்கத்துக்கும் ஒரு வெப்பக் காற்றுக் குழாய் விடுவது அவர் கைக்குப் பழகிவிட்டது.

வண்டியை ஓட்டிவந்த சொலோமியா ஒரு காலி எண்ணெய் டப்பாவின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏத்திட்டு வர்றவங்க யாரும் குளிருதுன்னு சொன்னதில்ல மாமா. சூடுதான் அவங்களுக்கு ஆகாது."

மிரோன் பின்கதவைப் பார்த்தார். உள்ளே படுக்கை இல்லை, போர்வை இல்லை. கழுவி ஈரம் உறைந்த வெறும் தரை.

அவர் தகரத் துண்டு ஒன்றை வெட்டி, ஓட்டையின்மேல் வைத்துத் தட்டினார்.

"பார்க்க முழு ரொட்டி மாதிரி இருக்குன்னு ஊர்ல எல்லாரும் இந்த வண்டியை ரொட்டின்னுதான் சொல்றாங்க" என்றாள்.

"உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி சுட்ட ரொட்டி. இப்ப அதுக்குள்ள அடுப்பு வைக்கச் சொல்றே."

"விரல் மரத்துப்போகுது மாமா. போன தடவை ஸ்டியரிங்கை முழங்கையால திருப்பினேன்."

நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து கழற்றிய ஹீட்டரை முன்பக்கத்தில் பொருத்தி, என்ஜினின் வெந்நீர்க் குழாயோடு இணைத்தார். வண்டியை ஓடவிட்டார். விசிறி கடகடத்தது. முதலில் தூசி பொசுங்கும் வாசனை வந்தது, பிறகு வெப்பம்.

சொலோமியா ஏறி உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினாள்.

"சத்தம் போடுது, பொறுத்துக்கோ. எம்பையன் லெவ்கோ வந்ததும் மாத்திக் கொடுப்பான். இந்த வேலையில என்னைவிட அவன் கெட்டிக்காரன்."

போர்முனைக்குப் போன லெவ்கோவிடமிருந்து இலையுதிர்காலத்துக்குப் பிறகு பேச்சில்லை. சிறைபிடித்திருக்கிறார்கள், கைதிகளை மாற்றும்போது வந்துவிடுவான் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மிரோன் சொல்லிவந்தார்.

காணாமல்போனவர்களின் வீட்டார் நகரத்துக்குப் போய், மரபணு அடையாளம் ஒப்பிடுவதற்காகக் கன்னத்தின் உட்புறத்து எச்சிலைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மிரோன் மட்டும் போகவில்லை. பிணத்தைத் தேடுகிறவர்கள் அல்லவா அதைக் கொடுக்க வேண்டும் என்று, கேட்க வந்த அதிகாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். லெவ்கோவின் அம்மா இறந்து வெகுநாளாகிறது. மிரோனை விட்டால் கொடுப்பதற்கு வேறு ரத்த உறவு இல்லை.

"நான் கொண்டுபோய் இறக்கற இடத்துல பேர் தெரியாம நிறைய பேர் இருக்காங்க மாமா" என்றாள் சொலோமியா, ஹீட்டரைப் பார்த்தபடியே.

"இருப்பாங்க." மிரோன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "ஆமா, வர்ற வழியெல்லாம் பட்டறை இருக்கே. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தே?"

அவள் கோட்டின் உள்பையிலிருந்து ஓர் ஒட்டிய காகித உறையை எடுத்துக் கிழித்தாள். மெல்லிய குச்சியொன்று, நுனியில் பஞ்சு. உறையின்மேல் அவருடைய பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

மறுபக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டாள்.

"ஏறி உக்காருங்க மாமா, உள்ள கதகதப்பா இருக்கு. வாயை மட்டும் கொஞ்சம் திறங்க."