முப்பது அடி நிழல்

“எட்டுக்கு அஞ்சா? மறுபடியும் கூட்டிட்டியாடி, ஜெரூஷா!”

கணக்கு டீச்சர் ஞானஜோதி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். இட்லிக்கு நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்றால், எட்டு டம்ளர் அரிசிக்கு எத்தனை? ஏழாம் வகுப்பு மொத்தமும் ‘ரெண்டு’ என்று கத்தியது. ஜெரூஷா மட்டும் விடவில்லை.

“அரிசி நாலு ஏறுதுல்ல மிஸ்? அப்ப உளுந்தும் நாலு ஏறணும்ல?”

“அஞ்சு போட்டு அவிச்சா, இட்லி தட்டுலயே ஒட்டிக்கும். உளி வெச்சுத்தான் பேர்க்கணும்! எவ்வளவு ஏறுதுன்னு பார்க்காதே. எத்தனை மடங்குன்னு பாரு.”

மூன்று வாரமாக இதே பாட்டு. படத்தைப் பெரிதாக்கச் சொன்னால் கூட்டுவாள். சின்னதாக்கச் சொன்னால் கழிப்பாள். அவளுக்கு விளக்கி விளக்கியே, கிழக்குத் தாம்பரத்து மெடிக்கல் ஷாப்புகளில் தொண்டை மாத்திரை தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் தாளாளர் பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்றார்.

“இன்னா டீச்சர், மரத்தை வெட்ட ஆள் சொல்லட்டா?”

வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. மைதானத்தில் இருந்ததே ஒரே ஒரு பாதாம் மரம். அந்தப் பள்ளிக்கூடத்தில் சூரியனுக்கு அனுமதி இல்லாத இடம் அது ஒன்றுதான். மத்தியானத்தில் முந்நூறு டிபன் பாக்ஸ்கள் அதன் அடியில்தான் திறக்கும். போன மாதக் காற்றில் அதன் கிளையொன்று ஸ்கூல் வேன் கண்ணாடி மேல் விழுந்தது. அன்றிலிருந்து மரம் இன்னும் நிற்பதே தாளாளருக்குப் பிடிக்கவில்லை.

“மரத்துலருந்து கிளாஸ் சுவரு நாப்பது அடி. மரம் அதுக்கு மேல ஒசரமா கீதுன்னா, விழுந்தா பசங்க தலையிலதான்.”

“நாப்பதுக்குள்ள இருந்தா சார்?”

“இருந்துட்டுப் போகட்டும். மரத்துக்கும் எனக்கும் வாய்க்காத் தகராறா? ஆனா யாரு ஏறி அளக்கறது?”

“ஏற வேணாம் சார். நிழலை அளந்தே சொல்லிடலாம். இந்தக் கணக்கைத்தான் நடத்திட்டிருக்கேன்.”

“நீங்க போடாதீங்க. அந்த மரத்தை ஏதோ நீங்களே பெத்த மாதிரி பாக்கறீங்க. ஒரு பிள்ளையை வுட்டுப் போடச் சொல்லுங்க. வர்ற நம்பர்தான் முடிவு. மறுபேச்சு பேச மாட்டேன்.”

டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். முதல் ரேங்க் அனுப்பிரியாவின் கை கூரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே போனது.

“திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு, ஜெரூஷா அளப்பா.”

“மிஸ்... இவளா?” அனுப்பிரியா அலறினாள்.

“இவதான். அவ கணக்கு போடும்போது யாரும் குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா நீ.”

ஜெரூஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவளை நம்பி ஒரு வாய்ப்பாட்டைக்கூட யாரும் ஒப்படைத்ததில்லை. மிஸ் ஒரு மரத்தையே ஒப்படைத்திருக்கிறார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தன் வீடு இருந்த ஊரப்பாக்கத்தில் நிழல் வைத்திருந்த எதையும் அவள் சும்மா விடவில்லை. தண்ணீர் கேன், அப்பாவின் பைக், ஸ்டேஷன் விளக்குக் கம்பம், கடைசியில் சர்ச்சுக்குக் கிளம்பி நின்ற புஷ்பம் அத்தை. “அசையாதீங்க அத்தை, உங்க நிழல் ஆடுது!” தெருநாய் ஒன்று அவளைக் கண்டாலே நிழலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

கூட்டினால் கணக்கில் அத்தை ஒவ்வொரு தடவையும் குட்டையாகவே வந்தாள். பத்தாவது தடவை, ஜெரூஷா மடங்கு பார்த்துப் பெருக்கினாள். அத்தை அச்சு அசலாக அத்தை உயரத்துக்கே வந்து நின்றாள்!

திங்கட்கிழமை வெயில் ஈவிரக்கமில்லாமல் காய்ந்தது. ஆறடிக் கம்பை நட்டார்கள். அதன் நிழல் நாலு அடி. மரத்தின் நிழல் முப்பது அடி.

“நிழலைவிடக் கம்பு ரெண்டு அடி ஜாஸ்தி...” என்று ஜெரூஷா முணுமுணுத்தாள்.

டீச்சரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “ஆமாடி கண்ணு, அப்புறம்?”

“ஆனா அப்படிப் பார்க்கக் கூடாது மிஸ். நீங்கதானே சொன்னீங்க? கம்பு, நிழலைப் போல ஒண்ணரை மடங்கு. அப்ப மரம், முப்பதுக்கு ஒண்ணரை மடங்கு... நாப்பத்தஞ்சு அடி!”

அனுப்பிரியாவே முதலில் கைதட்டினாள். வகுப்பு மொத்தமும் தட்டியது. ஜெரூஷாவின் வாழ்க்கையிலேயே முதல் கைத்தட்டல்.

தாளாளரும் ஒரு தட்டு தட்டிவிட்டு செல்போனை எடுத்தார். “ஜெயவேலு, ரம்பத்தை எடுத்துகினு வாப்பா.”

கைத்தட்டல் பாதியில் அறுந்தது. ஜெரூஷா அப்போதுதான் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அவள் அதன் நிழலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ்... தப்பா போட்டுட்டேனா?”

டீச்சர் அவளுடைய நோட்டை வாங்கி ‘டிக்’ அடித்தார். பிறகு அவள் காதருகே குனிந்தார்.

“சரியாத்தான்டி போட்டே. வழக்கம்போல ரெண்டைக் கூட்டி முப்பத்திரெண்டுன்னு சொல்லுவேன்னுதானே, இத்தனை பேர்ல உன்னைப் பொறுக்கி எடுத்தேன்!”