சுடுதண்ணிக் குழாய்

மெல்பேர்ன், 1976. குளிரில் பள்ளிக்கூடம் துடைத்துவிட்டு வந்த பவளம், வெடித்த விரல்களை ஹீட்டர் முன் விரித்தாள்.

"துடைக்கிறதுக்குச் சுடுதண்ணிக் குழாய் இல்லையாம்."

கணவர் அரியரத்தினம் நிமிர்ந்தார். "இனி மேலிடத்தைக் கேட்கத் தேவையில்லை, பள்ளிக்கூடமே முடிவெடுக்கலாம் எண்டவையெல்லோ?"

"ஓம். ஹெட்மாஸ்டருக்கும் விருப்பம்தான். ஊர்ச்சனமும் இருக்கிற பள்ளிக்கூடக் கவுன்சிலில நேற்று வோட்டுக்கு விட்டவராம். காசைக் கிரிக்கெட் பிட்சுக்குப் போடுவம் எண்டு ஆறு பேர் கை தூக்கினவை. குழாய்க்கு ஐஞ்சு பேர். ஆறில ஒருத்தன் மாறியிருந்தாக் காணும். அந்தக் கை உருப்படுமோ?"

இறைச்சி வெட்டிக் காய்த்த தன் வலக்கையை அரியரத்தினம் பார்த்தார்.

"இஞ்ச பார், நேற்று ஓவர்டைம் எண்டது பொய். உன்ர குழாய்க்காகத்தான் சொல்லாமல் கவுன்சிலில சேர்ந்தனான். அவையின்ர இங்கிலீஷ் பிடிபடேல்லை. பக்கத்தில இருந்தவன் கை தூக்கினான், நானும் தூக்கிப்போட்டன்."

பவளம் ஹீட்டரைவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த கூட்டம் எப்ப?"

"வாற மாதம். ஏன்?"

"நானும் வந்து பக்கத்தில இருக்கிறன். நான் உங்கட காலை மிதிச்சா மட்டும் கையைத் தூக்குங்கோ."