அப்பாவு விரித்த தார்ப்பாய்

தடதடவென்று டீக்கடையின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த மழைச் சத்தம் மெல்ல அடங்கி, சொட்டுச் சொட்டாகத் தேய்ந்தது.

"நின்னுடுச்சிடா!" என்று கத்தினான் லோகு.

சிப்காட் கம்பெனியில் ஆறு நாள் மெஷினைப் பார்த்த கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆறுதல் வேண்டும். லோகுவுக்கு அது பக்கத்துக் கல்லூரிப் பெண்களின் பாஸ்கெட்பால் டீம்.

"நின்னா மட்டும் இன்னா?" என்றான் விமல். அதே கல்லூரியில் படித்தவன். "நம்ம கோர்ட்டு சிமென்ட்டு தரை. ஒரு பக்கம் பள்ளம். பெஞ்ச மழைக்குக் குளமா நிக்கும். ரெஃப்ரி வந்து பாத்துட்டு ஆட முடியாதுன்னா அவ்ளோதான்."

"ஆளுக்கு ஒரு பாயிண்டு குடுப்பாங்க இல்ல?"

"அத வச்சிக்கினு, பாயிண்டுல முன்னாடி கீற ஆரணி காலேஜ் மண்டலப் போட்டிக்குப் போயிடும். நாம ஊட்டுக்குப் போலாம். இன்னிக்கு ஆடி ஜெயிச்சாத்தான் நமக்கு சான்ஸு."

"ஆடினா ஜெயிப்போம்டா. இளமதி ஒருத்தி போதும்."

"உன் இளமதி போன மேட்ச்சுல ஃப்ரீ த்ரோ எல்லாத்தயும் கோட்டை வுட்டுச்சே?"

"அன்னிக்கு அதுக்கு ஜொரம்! நம்ம கேப்டனே அதுதான், இதான் அதுக்குக் கடைசி வருசம். நம்ம காலேஜ் இதுவரைக்கும் ஒருவாட்டி கூட மண்டலத்துக்குப் போனதில்ல. இந்தவாட்டி வுட்டா அந்தப் பொண்ணுக்கு எப்பவுமே கெடையாது."

"டேய், ராத்திரி பூரா வாட்ஸ்அப் குரூப்புல இதே சண்டை. எம் பொண்ணு, டீம் பொண்ணுங்க எல்லாம் அதுலதான் கீதுங்க. தூங்கவே வுடலியாம்" என்றபடி விக்டோரியாக்கா டீயை நீட்டினாள். "மொதல்ல குடிங்க. நீங்க இன்னா, பேன்ட்ட மடிச்சிக்கினு எறங்கி ஆடப் போறீங்களா?"

"ஃபேன்ஸ் இல்லாம டீம் ஏதுக்கா?"

அப்போது பைக்கில் சாம்சன் வந்து நின்றான். குரூப்பில் மூன்றாவது வாய்.

"பேஜாரா பூட்சிடா! கோர்ட்டுப் பக்கம் போயிட்டு வரேன். பூரா தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்குது. ஓரத்துல கல்லு வேற."

"யாரு வேலை?"

"வேற யாரு? அப்பாவுதான்."

கல்லூரிக்குப் பின்பக்கம் காம்பவுண்டு கிடையாது. அறுப்பு முடிந்ததும் அந்த சிமென்ட் தரையில் நெல்லைக் காயவைப்பது அப்பாவுவின் வழக்கம். தை பிறந்தால் அவருக்கும் இந்த மூன்று பேருக்கும் தகராறுதான்.

"மேட்ச் அன்னிக்குமாடா நெல்லக் கொட்டுவாரு? அந்தாளுக்கு மனசாட்சியே கெடையாதா?"

"வாங்கடா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்பாவு கோர்ட்டின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு.

"யோவ்! உனக்கு உன் நெல்லுதான் முக்கியமா? இன்னிக்கு மேட்ச் இருக்குதுன்னு தெரியாது?" என்று பாய்ந்தான் லோகு.

"தெரியும்பா. சத்தம் போடாத."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?" லோகு கல்லைப் புரட்டிவிட்டுத் தார்ப்பாயின் முனையைப் பிடித்தான்.

"டேய் டேய், மெதுவா! மேல நிக்கிற தண்ணி உள்ள ஊத்திடப் போவுது!"

"ஊத்தட்டும்யா! நனையட்டும் உன் நெல்லு!"

ஒரே இழுப்பு. மேலே நின்ற தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்தோடியது.

கீழே நெல் இல்லை. ஒரு மணி கூட இல்லை. காய்ந்த சிமென்ட் தரையும், அதில் பளிச்சென்று வெள்ளைக் கோடும்தான் இருந்தன.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நெல்லு எங்க?" என்றான் சாம்சன்.

"இங்க ஏது நெல்லு? நேத்து சாயங்காலம் மேகத்தப் பாத்ததுமே எங்க ஊட்டு தார்ப்பாய், மச்சான் ஊட்டுது, தெருவுல கேட்டு வாங்கினது எல்லாத்தயும் கொண்டாந்து மூடிட்டேன்."

"எதுக்குண்ணே?" 'யோவ்' எப்போது 'அண்ணே' ஆனது என்று லோகுவுக்கே தெரியவில்லை.

"வருசா வருசம் என் நெல்லக் காயவச்சிக் குடுத்த தரை. ஒரு நாளு அது நனையாம நான் பாத்துக்கக் கூடாதா?"

லோகுவுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா! மேட்ச் நடக்கும்டா!" விமலைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்.

விமல்தான் விலகிக்கொண்டு கேட்டான். "இருங்கண்ணே. தார்ப்பாய் பூரா இங்க கீதுன்னா, உங்க நெல்லு?"

"மூட்டையா வாசல்ல கெடந்துச்சி. போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன். எப்படியோ தெரிஞ்சிக்கினு டீம் பொண்ணுங்க ராத்திரி மழையில வந்து நின்னுச்சிங்க. ரெண்டு ரெண்டு பேரா ஒரு மூட்டை வுடாம தூக்கிக்கினு போயி, ஹாஸ்டல் சாப்பாட்டு ரூம்ல அடுக்கிட்டுதான் படுக்கப் போச்சிங்க. சாக்குதான் லேசா நனைஞ்சிச்சி, உள்ள நெல்லு நனையல."

"மேட்ச்சுக்கு மொத நாளு மூட்டை தூக்கினாங்களா?" லோகு பதறிப்போனான். "கை வலிக்காது? எங்களக் கூப்ட்டிருக்கலாமேண்ணே! நாங்க முழிச்சிக்கினுதானே இருந்தோம்!"

"நானும் அதத்தாம்பா சொன்னேன். ஒங்க டீமுக்கு உசிரையே குடுக்கிற ஆளுங்க இருக்காங்களே, கூப்புடும்மான்னேன்." அப்பாவு சிரித்தார். "இளமதிப் பொண்ணு செல்ல எடுத்துப் பாத்துட்டு உள்ள வச்சிக்கிச்சி. 'வேணாம் அங்கிள், நாங்க ஜெயிப்போமா தோப்போமான்னு அவங்க பேசிக்கினு இருக்காங்க, பாவம், தொந்தரவு பண்ண வேணாம்'னுச்சி."



அப்பாவு குனிந்து, விட்ட இடத்திலிருந்து தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார்.