மவுஸைப் பார்க்காத கண்கள்

தொண்ணூற்றேழில் தனபாலன் தன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டான். அன்றுமுதல் அது அவன் மனைவி ரமணிக்குச் சக்களத்தி ஆயிற்று. திரை மூலையில், அதோடு வந்த விளையாட்டுப் படமாக, இரண்டு கண்களை வைத்திருந்தான். மவுஸ் போகும் பக்கமெல்லாம் அவை உருளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவை மவுஸை விட்டுவிட்டு, அவனுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியையே பார்த்தன. மவுஸை மாற்றினான், லினக்ஸைத் திரும்பப் போட்டான். பார்வை மாறவில்லை. பிறகு சரிசெய்வதையே விட்டுவிட்டான். கீபோர்டைத் தட்டும்போது தனக்குள் சிரித்துக்கொள்ளவும் ஆரம்பித்தான்.

ரமணியால் பொறுக்க முடியவில்லை. தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து, அந்த நாற்காலியை இழுத்தாள்.

"அதுல உக்காராத லா," என்றான் அவன், திரும்பாமலே.

"ஏங்க, யாரு வராங்க?"

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். ரமணி உட்கார்ந்தாள். இருக்கை இளஞ்சூடாக இருந்தது. திரையிலிருந்த கண்கள் மெல்ல உருண்டு, படுக்கையறை வாசல் பக்கம் போய் நின்றன.