அப்பாவுக்குத் தெரிகிற எழுத்து

"இன்னும் தடியா வேணும், மேடம். எங்கப்பா கண்ணைச் சுருக்காமப் படிக்கணும்."

அச்சகத்தில் கணினி முன் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு கடிதத்துக்காக இந்த மனிதர் வருவது இது மூன்றாவது தடவை. கையில் அவள் நேற்று கொடுத்தனுப்பிய மாதிரித் தாள், அதில் ஆறு ரக எழுத்துகள்.

கடிதம் ரொம்பச் சின்னது. 'தங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு மாதம் தங்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' அப்பாவின் கையெழுத்து இல்லாமல் இல்லத்தில் சேர்க்க மாட்டார்களாம்.

"இவ்வளவு எதுக்கு சார்? நீங்களே படிச்சுக் காட்டிட்டா போச்சு."

"நீங்க வேற! முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். பெத்த பிள்ளை நீட்டினாலும் தானே படிச்சுப் பாத்துட்டுத்தான் பேனாவைத் தொடுவார். ஒரே மாசம்னு அச்சுல பாத்தாத்தான் வீட்டுப் படி இறங்குவேன்னு உக்காந்திருக்கார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுத்தை மாற்றினாள். பழைய செய்தித்தாள் தலைப்புகளில் வருமே, அந்த ரகம். தூண் தூணாகத் தடித்த கோடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாக ஒரு பாதம்.

"இதான், இதான்! இதை மட்டும் கடகடன்னு படிச்சார். 'ஷூ போட்ட எழுத்துடா, என்ன கம்பீரமா நிக்குது பாரு'ன்னார். மத்ததெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம்."

"அப்பாடா, பிழைச்சேன்."

"இன்னொரு கூத்து கேளுங்க. தாளுக்கு அடியில உங்க அச்சக விலாசம் பொடி எழுத்துல இருக்குல்ல? அதை விரலால தடவிப் பாத்துட்டு, 'இங்க எதுக்குடா கோடு போட்டிருக்கு?'ங்கறார்."

இருவரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கண் மங்கிப் போன தன் அப்பாவுக்கு அவள் ஒரு நாள்கூடப் பேப்பர் வாசித்துக் காட்டியதில்லை. வரிகளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். 'ஒரு மாதம்' என்பதை மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினாள்.

"இதுக்குக் காசு வேணாம் சார். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க உங்கப்பா குடுத்து வெச்சிருக்கணும்."

"சேச்சே, பெத்தவருக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

அச்சாகி வந்த தாளைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அப்பாவைப் போலவே படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"அடியில இந்த ஒரு வரியையும் சேத்துடுங்க மேடம்."

"தாராளமா சார். இதுவும் அதே தடி எழுத்துலதானே?" என்றபடியே சீட்டைப் பிரித்தாள்.

'மாதம் முடிந்த பிறகும் வீடு திரும்ப எனக்கு விருப்பமில்லை. என் காலம் முடியும்வரை இங்கேயே இருந்துவிடுகிறேன்.'

அவள் சீட்டை இன்னொரு முறை படித்தாள்.

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இது அவருக்குக் கோடாத் தெரிஞ்சா போதும்."