கோர்டலுக்கு ஓய்வு

அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் கிரீலிக்கு ஒரே குழப்பம். பிளேஆஃப் இடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஞாயிறன்று நடக்கும் கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றாலும் நட்டமில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்தும் குவார்ட்டர்பேக் கோர்டலை இறக்குவதா, உட்கார வைப்பதா?

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் அவர் அறைக்குள் வந்தார்.

"கோர்டலுக்கு ஓய்வு குடுங்க, கோச். முட்டி வீங்கிக் கெடக்கு. நொண்டி நொண்டி நடக்கிறதைப் பாக்கவே பாவமா இருக்கு."

"ரெண்டு வாரம் சும்மா இருந்தா கைப்பழக்கம் விட்டுப்போயிரும்மா. அப்புறம் பிளேஆஃப்ல தடுமாறுவான்."

"ஞாயித்துக்கெழமையே அடிபட்டு விழுந்தா? ஊரே உங்களைத்தான் வறுத்தெடுக்கும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது கிரீலிக்கு.

"ஆனா ஆடியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானே."

"வயசுப்பையன் அப்படித்தான் சொல்வான். பெரியவங்க நாமதான் பாக்கணும்."

தாய் மனசல்லவா என்று கிரீலி இளகிப்போனார்.

"சரிம்மா, உட்கார வைக்கிறேன். உங்க பையன்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. எம்மேல கோவப்படப் போறான்."

"கோவமா? மூணு வருஷமா பெஞ்சத் தேச்சிட்டிருக்கான், கோச். துள்ளிக் குதிப்பான்," என்றபடி அம்மாள் கோட்டைக் கழற்றினார்.

உள்ளே அவர் அணிந்திருந்தது, மாற்று குவார்ட்டர்பேக் எமெட்டின் எண் போட்ட சட்டை.